முதல் இதழ்: இருபத்து நான்காம் பக்கம் வரை

ஓர் அறிவியல் மர்மச் சித்திரக்கதைத் தொடரின் முதல் இதழை எழுதி, வரைந்து, அச்சடித்துக் கையில் வாங்குவதற்கு எங்களுக்குப் பதினொரு மாதங்கள் ஆயின. கதையை எழுத இரண்டு மாதங்கள் போதுமானதாக இருந்தது. மீதி மாதங்களில் பெரும்பகுதி, ஒரு குறிப்பிட்ட படம் புத்தகத்தில் இடப்புறம் வர வேண்டுமா வலப்புறம் வர வேண்டுமா என்ற கேள்வியைச் சுற்றியே கழிந்தது.

கதையின் நாயகி, மேல மாசி வீதியை ஒட்டிய சந்தொன்றில் தந்தை விட்டுச்சென்ற கடிகாரம் பழுதுபார்க்கும் கடையை நடத்துபவள். ஒரு நாள் காலையில் கடையைத் திறக்கும்போது, செல் போட்டு ஓடும் கடிகாரங்கள் எல்லாம் ஏழு நிமிடம் பின்தங்கியிருக்கின்றன. அப்பா காலத்துச் சாவி கொடுக்கும் கடிகாரம் மட்டும் சரியான நேரத்தைக் காட்டுகிறது. இரவில் கரண்ட் போய் வந்ததாக ஊர் நினைத்துக்கொள்கிறது. கைப்பேசிகளோ நெட்வொர்க்கிலிருந்து நேரத்தை வாங்கித் தம்மைத் தாமே திருத்திக்கொண்டுவிட்டன. ஆனால் செல்லில் ஓடும் கடிகாரத்துக்குக் கரண்ட் போனதும் தெரியாது, வந்ததும் தெரியாது. இந்த ஒரு முரணிலிருந்துதான் கதை புறப்பட்டது.

இதற்குள் இருக்கும் அறிவியல் எளியது. குவார்ட்ஸ் கடிகாரத்தில் சிறிய கவை போன்ற ஒரு படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அந்த எண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கினால் ஒன்று கிடைக்கும், அதுவே ஒரு நொடி. சாவி கொடுக்கும் கடிகாரத்தில் இந்தப் படிகம் இல்லை. ஆகவே ஏழு நிமிடம் ஊரிலுள்ள படிகங்கள் எல்லாம் அதிராமல் நின்றிருந்தால் என்ன ஆகும் என்று கேட்டுக்கொண்டேன். முதல் வரைவில் இந்த விளக்கத்தை ‘அலையியற்றி’, ‘அதிர்வெண்’ என்ற சொற்களோடு நாயகியின் வாயிலேயே வைத்திருந்தேன். அதை வாசித்த கடிகாரக்கடைக்காரர் ஒருவர் சிரித்துவிட்டார். அவர் கடையில் அது கிறிஸ்டல், செல், காயில், முள் என்றே வழங்குகிறது. அதன் பிறகு, படிகம் என்ற சொல்லை விவரிப்புப் பெட்டியில் மட்டும் வைத்துக்கொண்டு, கதைமாந்தருக்கு, “கடியாரம் ஓடிக்கிட்டுத்தான இருக்கு, பெறகு எப்படிண்ணே ஏழு நிமிசம் கொறையும்?” என்ற மதுரைப் பேச்சையே கொடுத்தேன். அறிவியல் கதை என்பதற்காகப் பாடநூல் தமிழில் பேசவைத்தால் மர்மம் செத்துவிடும் என்பது என் எண்ணம், மறுப்பவர்களும் இருக்கலாம்.

படம் வரைந்தவர் திருநகரில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர். அசையாத படங்களில் காலம் நின்றுபோவதை எப்படிக் காட்டுவது என்பதே அவருடைய முதல் கவலையாக இருந்தது, ஏனெனில் சித்திரக்கதையில் எல்லாமே ஏற்கெனவே நின்றுதான் இருக்கின்றன. அவர் கண்ட வழி இது: ஒரே கோணத்தில், ஒரே அளவில், எட்டுக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் சாவிக் கடிகாரத்தின் நிமிட முள் ஒரு கோடு நகர்கிறது, பக்கத்திலிருக்கும் குவார்ட்ஸ் கடிகாரத்தின் நொடி முள் அசையவில்லை. அந்தப் பக்கத்தில் ஒரு சொல்கூட இல்லை. நான் எழுதிக்கொடுத்திருந்த பதினோரு வரிகளையும் அவர் பென்சிலால் அடித்துவிட்டார். அன்றைக்கு வருத்தமாக இருந்தாலும், இதழில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் இப்போது அதுதான்.

கதையின் முடிச்சு ஒரு புகைப்படத்தில் இருக்கிறது. கேமராக்கள் எல்லாம் செயலிழந்த அந்த ஏழு நிமிடத்தில், செல் இல்லாமலேயே இயங்கும் பழைய ஃபிலிம் கேமரா ஒன்று, வைகைப் பாலத்தின் மேல் ஷட்டர் திறந்தபடி ஆற்றைப் பார்த்து நின்றிருந்தது. அது எதைப் பிடித்தது என்பதை இங்கே சொன்னால் புத்தகத்தை விற்கும் நண்பர் என்னை மன்னிக்கமாட்டார். அந்தப் படத்தை நான் 23-ம் பக்கத்தில் வைத்திருந்தேன்.

“தம்பி, 23 வலது பக்கம். வாசகன் 22-ஐப் படிக்கும்போதே ஓரக்கண்ணால் அதைப் பார்த்துவிடுவான். பிறகு என்ன மர்மம்?” என்றார் ஓவிய ஆசிரியர்.

முதல் பக்கம் வலப்புறத்தில் தொடங்குவதால் ஒற்றைப்படைப் பக்கங்கள் வலப்புறமும் இரட்டைப்படைப் பக்கங்கள் இடப்புறமும் அமைகின்றன. வாசகர் தாளைத் திருப்புவது எப்போதும் ஒற்றைப்படைப் பக்கத்தின் முடிவில்தான். ஆகவே கேள்வி ஒற்றைப்படைப் பக்கத்தின் கடைசிக் கட்டத்திலும் விடை அதற்கடுத்த இரட்டைப்படைப் பக்கத்தின் முதல் கட்டத்திலும் இருக்க வேண்டும். சிறுவயதிலிருந்து நூற்றுக்கணக்கான காமிக்ஸ் படித்திருந்தும் இது எனக்குத் தெரிந்திருக்கவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். முன்பகுதியை முழுவதும் திருத்தி, படத்தை 24-க்குத் தள்ளினோம்.

எழுத்துகளைக் கட்டங்களுக்குள் அமைப்பதில் இன்னொரு மாதம் போயிற்று. பழைய மென்பொருளில் யூனிகோட் எழுத்தை ஒட்டியபோது கொம்பும் காலும் தனித்தனியே பிரிந்து நின்றன. தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் பேச்சுக்குமிழ்கள் படத்தையே மறைத்தன. வசனத்தைச் சுருக்குவதைத் தவிர வேறு வழி தென்படவில்லை. புத்தகத்தை அடையாளம் காட்டும் ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கு ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையிடம் இணையவழியில் விண்ணப்பித்தோம். அதற்குக் கட்டணம் எதுவும் இல்லை.

அச்சுக்குச் சிவகாசிக்குப் போனோம். 1972-ல் முத்து காமிக்ஸ் தொடங்கிய ஊர் அது என்பதால் எனக்கு அங்கே போவதில் கொஞ்சம் பக்தியும் இருந்தது. நடுவில் பின் அடிக்கும் புத்தகத்தின் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும்; எங்களுடையது 32 பக்கம், ஒரு தாளுக்கு முன்னும் பின்னுமாகப் பதினாறு பக்கம் வீதம் இரண்டு ஃபாரம். கடைசி நேரத்தில் ஒரு முன்னுரை இல்லாமல் புத்தகம் மொட்டையாக இருப்பதாக எனக்குத் தோன்றியது. முதல் பக்கத்தில் முன்னுரையைச் சேர்த்து, கடைசியிலிருந்த ‘அடுத்த இதழில்’ பக்கத்தை நீக்கி, கணக்கு 32 தானே என்று நிம்மதியாக ஃபைலை அனுப்பிவிட்டேன். பிளேட் எனும் அச்சுத் தகடு போட்டு, புரூஃபை மடித்துக் கையில் கொடுத்தபோதுதான் பார்த்தேன்: எல்லாப் பக்கமும் ஒன்று தள்ளிப்போய், புகைப்படம் 25-ல், வலப்புறத்தில், எல்லோரும் பார்க்கும்படி உட்கார்ந்திருந்தது.

தவறு முழுக்க என்னுடையது. முன்னுரையை அட்டையின் உட்பக்கத்துக்கு மாற்றி, பழைய வரிசையை மீட்டோம். தாளின் ஒவ்வொரு புறத்துக்கும் நிறத்துக்கு ஒரு பிளேட் வேண்டும்; உள்பக்கங்கள் கறுப்பு மட்டும் என்பதால் இரண்டு தாளுக்கு நான்கு பிளேட்டின் செலவோடு போயிற்று. நான்கு வண்ணமாக இருந்திருந்தால் பதினாறு பிளேட் வீணாகியிருக்கும். அதுவரை செலவுக்குப் பயந்து வண்ணத்தைக் கைவிட்டதை எண்ணிக் குறைபட்டுக்கொண்டிருந்த நான் அன்றோடு நிறுத்திக்கொண்டேன்.

தமுக்கம் மைதானத்தில் நடந்த புத்தகத் திருவிழாவில் நண்பரின் கடையில் பிரதிகளை வைத்தோம். முதலில் எடுத்துப் பார்த்தவன் பத்து வயதுச் சிறுவன். அவன் முதல் பக்கத்தைத் தொடவே இல்லை. பின் அடித்த புத்தகம் தானாக விரிவது நடுப்பக்கங்களில், அதாவது 16, 17-ல். அங்கேதான் நாயகி மேசை இழுப்பறைக்குள் அந்த ஃபிலிம் கேமராவைக் கண்டெடுக்கிறாள். “அப்பா, கேமராலதான் கண்டுபிடிப்பாங்க போல” என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தைக் கீழே வைத்தான். நல்லவேளையாக, அவனுடைய அப்பா வாங்கிக்கொண்டார். இரண்டாம் இதழில் 16, 17-ம் பக்கங்களில் நாயகி எதிர்க்கடையில் உட்கார்ந்து டீ மட்டும் குடிக்கிறாள்.