கார் பானெட்டில் கல் தெறித்த புள்ளி: துரு ஓடும் முன்

முதலில் புள்ளியின் நிறத்தைப் பாருங்கள். சாம்பலாக இருந்தால் பெரும்பாலும் பிரைமர் (பெயின்டுக்கு அடியில் இருக்கும் அடிப்பூச்சு) மிச்சமிருக்கிறது, அவசரமில்லை. தகரம் மின்னினால் சீக்கிரம் மூடுங்கள், கடலோர ஊரில் அன்றே. பழுப்பென்றால் துரு பெயின்டுக்கு அடியில் பரவத் தொடங்கியிருக்கும். பிளாஸ்டிக் பம்பர் துருப்பிடிக்காது. அழகுப் பிரச்சினை மட்டும்தான்.

துருவை 400 நம்பர் உப்புத்தாளால் சுரண்டுங்கள். குழிக்குள் எஞ்சியதற்கு ரஸ்ட் கன்வர்ட்டர் (துருவை மாற்றி நிறுத்தும் திரவம்) ஒரு துளி விட்டு, டப்பாவில் சொன்ன நேரம் காயவிடுங்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, வெறும் தகரத்தில் மட்டும் பிரைமர். பிறகு காரின் நிறப் பெயின்ட். டச்-அப் பாட்டிலோடு வரும் பிரஷ் ரொம்பத் தடிமன், பல்குச்சி போதும். ஒரே குமிழாக நிரப்பினால் மேலே தோல் கட்டி, உள்ளே தின்னர் சிக்கி, பிறகு குழிந்துவிடும். மெல்லிசாக மூன்று பூச்சு, இடையே அரை மணி. மேலே கிளியர் கோட் (நிறமில்லாத மேல்பூச்சு). ஒரு வாரம் கழித்து 2000 நம்பர் வாட்டர் பேப்பர், பாலிஷ்.

வீல் ஆர்ச் மோல்டிங் (சக்கரத்துக்கு மேலே வளைவில் பொருத்திய பட்டை) ஆடுகிறதா? கிளிப் உடைந்திருக்கும். பசை வைக்காதீர்கள். கழற்றிப் பார்த்தால் உள்ளே மண் தேய்த்துப் பெயின்ட் போயிருக்கும். அதைச் சரிசெய்துவிட்டுப் புதுக் கிளிப் போடுங்கள்.