மாலையோடு போன ஞாயிற்றுக்கிழமை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பத்தே முக்கால் இருக்கும், கோத்தகிரியிலிருந்து சித்தப்பா போன் பண்ணினார். ஊட்டியில் அன்றைக்கு எதிர் வீடு தெரியாத அளவுக்கு மிஸ்ட். நான் கம்பளிக்குள்ளிருந்து ஒரு கையை மட்டும் வெளியே நீட்டி போனை எடுத்தேன்.

"டேய், அவர் போயிட்டாருடா."

"யாரு சித்தப்பா?"

"பதினாறு வருஷம்டா. ஒரு வார்த்தை சொல்லல. போன வாரம்கூட சிரிச்சுப் பேசிட்டுதான் இருந்தாரு. நீ கேட்டா நம்ப மாட்டே..."

அவ்வளவுதான், டவர் போய்விட்டது. எங்கள் மலையில் டவர் எப்போதும் சொல்ல வேண்டியதில் பாதியைச் சொன்ன பிறகுதான் போகும். திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தேன், தொடர்பு எல்லைக்கு அப்பால் என்று அந்த அம்மா பொறுமையாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

சரி, யார் போயிருப்பார் என்று உட்கார்ந்து யோசித்தேன். பதினாறு வருஷம், நன்றாகச் சிரித்துப் பேசுபவர், சித்தப்பா குரல் உடையும் அளவுக்கு நெருக்கம். பட்டாளத்து மாமா! சித்தப்பாவின் அடுத்த வீடு, வெலிங்டனில் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், அங்கே குடிவந்து ஏறக்குறைய அத்தனை வருஷம்தான் ஆகிறது, வயதும் எண்பதைத் தொட்டுவிட்டது. எல்லாக் கணக்கும் பொருந்திவிட்டது. இந்தக் கணக்குப் போடும் புத்தி எனக்குப் பள்ளிக்கூடத்தில் இருந்திருக்கலாம்.

கோவையில் இருக்கும் தம்பிக்கு (சித்தப்பா மகன்) தகவல் சொன்னேன். அவன் "ஐயோ மாமாவா" என்று பைக்கை எடுத்துவிட்டான். நான் மார்க்கெட்டில் இறங்கி முந்நூற்றைம்பது ரூபாய்க்கு ரோஜா மாலை ஒன்று வாங்கி, அதை வாழை இலையில் சுற்றி, கோத்தகிரி பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். தொட்டபெட்டா சந்திப்பு தாண்டும்வரை மாமாவைப் பற்றியே நினைத்துக்கொண்டு போனேன். பக்கத்து சீட்டு அம்மா மாலையைப் பார்த்து "நெருங்கின சொந்தமா?" என்று கேட்டதும் எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது, உண்மையைச் சொன்னால் என்ன.

சித்தப்பா வீட்டு வாசலில் பந்தல் இல்லை, கூட்டம் இல்லை. பட்டாளத்து மாமா திண்ணையில் உட்கார்ந்து வர்க்கியை டீயில் முக்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"யாருக்கு?"

"சாமிக்கு மாமா."

"எந்தச் சாமிக்கு இவ்வளவு பெரிய மாலை?"

உள்ளே போனால் சித்தப்பா ரேடியோ பக்கத்தில் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். சித்திதான் விஷயத்தை உடைத்தார். ஞாயிற்றுக்கிழமை காலை கோவைப் பண்பலை ஒன்றில் வாரத்தின் முதல் பத்துப் பாடல்கள் போடுவார்களே, அதைப் பதினாறு வருஷமாகத் தொகுத்து வழங்கியவர் போய்விட்டாராம், வேறு வேலைக்கு. இன்றைக்குப் புதிதாக ஒரு பெண் வந்து "ஹாய்" என்று சொன்னதாம்.

மாமா வாசலிலிருந்தே எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். பட்டாளத்துக் காது. "தம்பி, நான் போறப்போ ரோஜா வேண்டாம், பாதி வழியிலேயே உதிர்ந்துடும். செவ்வந்தி வாங்கு, தாங்கும்" என்றார். மாலையில் பாதி முருகன் படத்துக்கும் பாதி பிள்ளையாருக்கும் போனது. தம்பிக்குச் சொல்லலாம் என்றால் அவன் அதற்குள் மலை ஏற ஆரம்பித்துவிட்டிருந்தான், டவர் இல்லை.

சித்தப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் இந்தத் துக்கம் உங்களுக்குப் புரியும். அவர் பிறந்தது இலங்கையில், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது கூலிக்காரர்களின் வரிசை வீட்டில். இலங்கைப் பிரதமர் சிறிமாவும் நம் பிரதமர் சாஸ்திரியும் 1964-ல் போட்ட ஒப்பந்தப்படி, தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம், மண்டபம் முகாம், அங்கிருந்து நீலகிரி என்று வந்த எத்தனையோ குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. டான்டீ என்கிற தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டங்களே அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்க உருவானவைதான். சித்தப்பா வரும்போது பதினான்கு வயது. தகரப் பெட்டி, ஒரு ரேடியோ, இலங்கை வானொலியின் மேல் தீராத பெருமை, இந்த மூன்றும்தான் அவருடைய சாமான். முதல் இரண்டும் துருப்பிடித்துப் போய்விட்டன.

கொழும்பு வானொலி எப்படி அவ்வளவு தூரம் கேட்டது என்று யாராவது வாயைத் திறந்தால் போதும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கண்டியில் நேசநாட்டுத் தளபதி மவுண்ட்பேட்டன் உட்கார்ந்திருந்ததையும், அவர் படைகளுக்காக ஏக்கலையில் நட்ட நூறு கிலோவாட் சிற்றலை டிரான்ஸ்மிட்டர் பிறகு ரேடியோ சிலோன் கைக்கு வந்ததையும், தானே பக்கத்தில் நின்று வயர் இழுத்துக் கொடுத்ததுபோலச் சொல்வார். சிற்றலை வானத்தில் மோதித் திரும்பி வந்து எங்கே வேண்டுமானாலும் விழும். பண்பலை அப்படியில்லை, நேர்கோட்டில்தான் போகும், நடுவில் மலை நின்றால் முடிந்தது கதை. சித்தப்பா வீடு கிழக்கே சமவெளியைப் பார்த்த சரிவில் இருப்பதால்தான் கோவை அவருக்குக் கேட்கிறது, அதுவும் தண்ணீர் டேங்க் பக்கத்து ஜன்னலில் மட்டும். ஊட்டியில் என் வீட்டில் ஏன் கேட்பதில்லை என்றால் நடுவில் 2,637 மீட்டருக்குத் தொட்டபெட்டா நிற்கிறது. இதை அவர் என் ரசனைக் குறைவாகவே இன்றுவரை கருதுகிறார்.

இலங்கை வானொலி அறிவிப்பாளர்கள் அப்துல் ஹமீதின் உச்சரிப்பிலும் கே.எஸ்.ராஜாவின் மூச்சு விடாத வேகத்திலும் வளர்ந்த காது அது. அந்தக் காதில் யார் விழுந்தாலும் முதலில் பரீட்சை உண்டு. ழகரம் வருகிறதா. பாட்டின் தொடக்க இசைமேல் பேசாமல் வாயை மூடுகிறாரா. முதலிடத்துப் பாட்டை முன்கூட்டி உளறாமல் கடைசிவரை காப்பாற்றுகிறாரா. இந்த மூன்றாவதில் தோற்றால் மன்னிப்பே கிடையாது.

இன்றைக்குப் போய்விட்டாரே என்று உட்கார்ந்து மூக்கைச் சிந்துகிறாரே, அந்த மனிதர் 2008-ல் புதிதாக வந்தபோது சித்தப்பா என்ன செய்தார் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதற்கு முன்பு இருந்தவர் நிதானமானவர், கோவில் மணியக்காரர்போலப் பேசுவார். இவர் வந்ததும் பத்தாம் இடத்திலேயே சிரித்துவிட்டார். சித்தப்பா ரேடியோவை அணைத்தார். அடுத்த வாரம் மறுபடி போட்டு, எத்தனை முறை சிரிக்கிறார் என்று நோட்டில் கோடு போட்டு எண்ணி (பதினேழு), பிறகு அணைத்தார். அதாவது முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் புறக்கணித்தார். அப்புறம் ஐம்பது காசு போஸ்ட் கார்டு. வாரம் ஒன்று. சித்தப்பா கையெழுத்து தேயிலைச் செடியில் புழு ஓடியதுபோல இருக்கும் என்பதால் அவர் சொல்லச் சொல்ல சித்தி எழுதுவார். "பாட்டு ஓடும்போது குறுக்கே பேசுகிற உம்மை என்ன செய்தால் தகும்" என்று தொடங்கிய ஐந்தாவது கார்டு எனக்கு நினைவிருக்கிறது, ஏனென்றால் அதைத்தான் அவர் வானொலியில் படித்துவிட்டார்.

முழுக்கப் படித்தார். ஒரு வசவையும் விடவில்லை. படித்து முடித்து, வழக்கம்போலச் சிரித்து, "கோத்தகிரி தாத்தாவுக்கு என் வணக்கம், இந்த வாரம் முதலிடத்துப் பாட்டு தாத்தாவுக்காக, நான் குறுக்கே பேசவே மாட்டேன்" என்றார். சொன்னதுபோலவே பேசவில்லை. அன்றைக்கு மாலைக்குள் லைன் வீடுகள் முழுக்க சித்தப்பா பெயர் கோத்தகிரி தாத்தா. அவருக்கு அப்போது நாற்பத்தெட்டு வயதுதான், தலையில் ஒரு நரை கிடையாது. மூன்று நாள் "என்னை எவன்டா தாத்தான்னு சொன்னது" என்று குதித்தார். நான்காவது நாள் பஜாரில் யாரோ அடையாளம் தெரிந்து டீ வாங்கிக் கொடுத்தார்கள். அதோடு சரி, கட்சி மாறிவிட்டார்.

இதையெல்லாம் நான் எடுத்துச் சொன்னபோது மாமா திண்ணையிலிருந்து எழுந்து உள்ளேயே வந்துவிட்டார். அவருக்கு இது அல்வா மாதிரி. அவர் கட்சி வேறு, பினாகா கீத்மாலா கட்சி, பினாகா பற்பசைக்காரர்கள் நடத்திய இந்திப் பாட்டு வரிசை. பட்டாளத்தில் சேர்ந்து வடக்கே போனபோது பிடித்துக்கொண்ட வியாதி. புதன்கிழமை ராத்திரி எட்டு மணி, ரேடியோ சிலோன், அமீன் சயானி. அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டே வேண்டாம் என்று மந்திரி கேஸ்கர் பிடிவாதமாக இருந்த 1952-ல், டிசம்பர் 3-ம் தேதி தொடங்கியது. முதல் நிகழ்ச்சிக்கே ஒன்பதாயிரம் கடிதம் வந்ததாம், பிறகு வாரத்துக்கு அறுபத்தைந்தாயிரம் வரை போனதாம். முதலிடத்துப் பாட்டுக்கு முன்னால் பியூகிள் ஊதுவார்கள். வெலிங்டனில் விடியற்காலை ஊதுகிற பியூகிளுக்கு எழுந்திருக்க மனசே வராது, இந்த பியூகிளுக்கு மட்டும் தானாக நிமிர்ந்து உட்காருவோம் என்பார் மாமா.

"ஆள் மாத்தின கதையே எங்ககிட்ட கிடையாது" என்றார். "பினாகா பேரு சிபாகா ஆச்சு, ரேடியோ சிலோன் போய் 1989-ல விவித் பாரதி ஆச்சு. ஆனா பேசினது ஒரே ஆள். பற்பசை மாறுச்சு, பல் மாறல."

சித்தப்பா பதில் சொல்ல வாயெடுத்தார், மாமா விடவில்லை. "அவர் எப்பவும் சகோதரிகளேன்னுதான் முதல்ல கூப்பிடுவார், அப்புறம்தான் சகோதரர்களே." இது சித்தியைத் தன் பக்கம் இழுக்கும் வேலை. சயானி 2024 பிப்ரவரியில் காலமானபோது மாமா அன்றைக்கு ஷேவ் செய்துகொள்ளவில்லை. பட்டாளத்துக்காரருக்கு அது பெரிய விஷயம்.

அந்த நேரம் பார்த்து தம்பி வந்து சேர்ந்தான். கொண்டை ஊசி வளைவுகளில் வேகமாக வந்து முகமெல்லாம் வெளுத்திருந்தது, கையில் அவனும் ஒரு மாலை. செவ்வந்தி. மாமா அதை வாங்கி முகர்ந்து பார்த்து, என்னைப் பார்த்து, "இதைத்தான் சொன்னேன்" என்றார்.

தம்பி என்னைத் திட்டி முடிக்க இரண்டு டீ ஆனது. பிறகு விஷயம் தெரிந்து சிரித்து, அவன் பங்குக்கு ஒரு கதை சொன்னான், ஆங்கிலப் பாட்டுப் பைத்தியம் அவன். அமெரிக்காவில் 1970 ஜூலை 4 அன்று தொடங்கியது அமெரிக்கன் டாப் 40, வாரம் நாற்பது பாட்டு, கேசி கேசம் என்பவர் நடத்தினார். பேய் தேடித் திரியும் நாயோடு ஒரு ஒல்லிப் பையன் வருவானே கார்ட்டூனில், அவனுக்குக் குரல் கொடுத்தவரும் இவர்தானாம். 1988-ல் ஒப்பந்தத் தகராறு, கேசம் வெளியேறினார். ஷேடோ ஸ்டீவன்ஸ் என்று ஒருவரைக் கொண்டுவந்தார்கள். கேசம் சும்மா இருப்பாரா, ஆறு மாதத்துக்குள் இன்னொரு நிறுவனத்தில் தன் பெயரிலேயே டாப் 40 தொடங்கி எதிர்க்கடை போட்டுவிட்டார். பழைய நிகழ்ச்சி 1995-ல் நின்றேபோனது. 1998-ல் அதே பெயரில் மறுபடி தொடங்கியபோது நடத்தியது யார்? கேசமேதான். 2004-ல் அவர் ரையன் சீக்ரெஸ்டிடம் கொடுத்துவிட்டுப் போனார். எனக்கென்னவோ இது நம் ஊர் பங்காளிச் சண்டை மாதிரியே இருந்தது, வீட்டை விட்டு வெளியே போனவர் பத்து வருஷம் கழித்துத் திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்காருவது.

சித்தப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த ஸ்டீவன்ஸ் பாவம்டா" என்றார். "அவன் என்ன பண்ணுவான். கூப்பிட்டாங்க, வந்தான். ஊரே சேர்ந்து அவனைப் போட்டு..."

சித்தி அடுப்படியிலிருந்து, "அப்போ காலைல வந்த பொண்ணு மட்டும் என்ன பண்ணுச்சு?" என்றார்.

வீடு அமைதியாகிவிட்டது. மாமா மூன்றாவது வர்க்கியை எடுத்தார், அது உடையும் சத்தம் நன்றாகக் கேட்டது.

"அவளுக்கு ழகரம் வரல" என்றார் சித்தப்பா, ஆனால் சுரத்தில்லாமல். "மழைன்னு சொல்றப்போ மளைன்னு சொல்றா."

"உங்க பையனுக்கே வராது" என்றார் சித்தி. தம்பி எழுந்து டேங்க் பக்கம் போய்விட்டான்.

இரண்டு நிமிஷம் கழித்து சித்தப்பா ஸ்டூலைப் போட்டு ஏறி அலமாரி மேலிருந்து ஒரு கட்டு எடுத்தார். வாங்கி வைத்த போஸ்ட் கார்டுகள், ஓரமெல்லாம் மஞ்சளாகி இருந்தன. "சரி எழுது" என்று சித்தியிடம் நீட்டினார். சித்தி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து மூக்குக் கண்ணாடியைப் போட்டார். அவர் சொல்லச் சொல்ல எழுதினார், அதே பழைய வசனம்தான், பாட்டு ஓடும்போது குறுக்கே பேசுகிற உம்மை என்று தொடங்கி, ழகரத்தில் அரைப் பக்கம் நின்று, முதலிடத்துப் பாட்டைக் காலையிலேயே உளறிய குற்றம்வரை. கார்டில் இடம் தீர்ந்து ஓரத்தில் குறுக்கே எழுத வேண்டி வந்தது. எழுதி முடித்துப் பேனாவை மூடப் போனவர் நிமிர்ந்து கேட்டார்.

"கீழே போன தடவை மாதிரியே கோத்தகிரி தாத்தான்னே போட்டுடட்டுமா?"

சித்தப்பா சித்தியையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினாறு வருஷக் கணக்கு அந்த முகத்தில் ஒவ்வொன்றாக ஓடுவது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"அப்பவும் நீதானா?"

"இடம் கொஞ்சம்தான் இருந்துச்சு, உங்க முழுப் பேரு எங்க கொள்ளும்" என்று சொல்லிவிட்டு, சித்தி பதிலுக்குக் காத்திருக்காமல் தாத்தா என்று எழுதி முடித்து, தபால் பெட்டியில் போடச் சொல்லி என்னிடம் கார்டைக் கொடுத்தார்.