நாகர்கோவிலிலிருந்து ஆலப்புழை வரை: நெரிசலில் மாட்டாமல் கடலோரமாகப் போக

மே மாத விடுமுறைக்குக் குடும்பத்தோடு கேரளக் கடற்கரையோரம் போக நினைப்பவர்கள் பெரும்பாலும் தூரத்தைத்தான் கணக்குப் போடுகிறார்கள். நாகர்கோவிலிலிருந்து ஆலப்புழை ஏறக்குறைய 220 கிலோமீட்டர், நாலரை மணி நேரத்தில் போய்விடலாம் என்று. ஒருநாளும் நடக்காது. ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் ஊர்கள், எங்கு பார்த்தாலும் ஜங்ஷன், தேசிய நெடுஞ்சாலை 66 ஆறு வழியாக மாறும் வேலை. கடலோரச் சாலைக்கு மணிக்கு 30 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டு திட்டம் போடுங்கள். நெரிசல் வழி நெடுகக் கிடையாது. ஐந்தாறு இடங்களில், அதுவும் தெரிந்த நேரங்களில்தான் இருக்கிறது. அந்த இடத்தை அந்த நேரத்தில் தொடாமல் இருப்பதுதான் முழு வித்தை.

முதல் முடிச்சு நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. மேம்பாலம் வந்த பிறகும் மார்த்தாண்டம், குழித்துறை, கேரள எல்லையிலுள்ள களியக்காவிளை மூன்றும் காலை எட்டரைக்கு மேல் ஊர்ந்துதான் போகும். நாகர்கோவிலை விடிகாலை நாலரைக்கு விட்டால் ஆறு மணிக்கு முன் களியக்காவிளையைத் தாண்டிவிடலாம். பிள்ளைகளைக் குளிப்பாட்டிக் கிளப்ப நினைத்தால் அந்த ஒரு மணி நேரம் போச்சு. முந்தின இரவே டிக்கியை அடுக்கிவிட்டு, தூங்கும் பிள்ளையை அப்படியே தூக்கி வண்டியில் போடுங்கள். டீசலோ பெட்ரோலோ, எல்லைக்கு இந்தப் பக்கமே டேங்க்கை நிரப்பிக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் லிட்டருக்குச் சில ரூபாய் கூடுதல், கடலோரத் துண்டுகளில் பங்க்கும் குறைவு.

களியக்காவிளையில் பெரும்பாலோர் நேராகப் பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று போய்ச் சிக்குகிறார்கள். பாலராமபுரம் ஜங்ஷனில் சாலை இன்னும் குறுகல், நான்கு பக்கமும் பஸ். அதற்குப் பதில் களியக்காவிளையிலேயே இடப்புறம் பூவார் பக்கம் போகும் சாலையைப் பிடித்து, சில கிலோமீட்டரில் காரோடு போய் பைபாஸில் ஏறுங்கள். காரோட்டிலிருந்து கழக்கூட்டம் வரை சுமார் 43 கிலோமீட்டர். திருவனந்தபுரம் நகரத்துக்குள் நுழையவே வேண்டாம். திருவல்லத்தில் டோல் உண்டு, பாஸ்டாகில் பணம் இருக்கிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். காரோடு முதல் முக்கோலை வரை கான்கிரீட் சாலை, வேகம் தானாக ஏறும். காற்று குறைந்த டயர் இப்படிப்பட்ட ஓட்டத்தில்தான் சூடேறி வெடிக்கும். டிரைவர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு, டயர் குளிர்ந்திருக்கும்போது காற்று பிடியுங்கள். ஆட்களும் சாமானும் நிறைந்தால் என்ன அளவு என்பது அதே ஸ்டிக்கரில் தனியாகப் போட்டிருக்கும். ஸ்டெப்னிக்கும் சேர்த்துப் பிடியுங்கள், அதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

கழக்கூட்டத்துக்கு ஏழு மணிக்கு வந்துவிட்டால் அடுத்த முடிச்சான ஆற்றிங்கலையும் தவிர்க்கலாம். நெடுஞ்சாலையை விட்டு மேனங்குளம், புதுக்குறிச்சி வழியே பெருமாதுறை. அங்கே முதலப்பொழிப் பாலத்தின் மேலிருந்து பார்த்தால் காயல் கடலில் விழும் இடம் தெரியும். அந்தப் பொழிமுகத்தில் வள்ளங்கள் கவிழ்ந்து எத்தனையோ மீனவர் உயிர் போயிருக்கிறது. பாலத்தில் வண்டியை நிறுத்தாதீர்கள், தாண்டிப் போய் ஓரம் கட்டுங்கள். அதன்பின் அஞ்சுதெங்கு. ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி 1690களில் கட்டிய சின்னக் கோட்டை, பக்கத்திலேயே கலங்கரை விளக்கம். அரை மணி நேரம் போதும். எட்டரைக்குள் வர்க்கலை.

முதல் இரவு வர்க்கலையில் தங்குவதே சரி. சாயங்காலம் செம்மண் பாறைக்கு மேலே ஹெலிபேட் பக்கம் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. காலையில் வந்து சேர்ந்தவர்கள் வண்டியை விடுதியிலேயே விட்டுவிட்டு நடந்து போகலாம். பகல் பதினொன்று முதல் மூன்று வரை பிள்ளைகளை வெயிலில் கொண்டு போகாதீர்கள். மூன்றுக்குப் பிறகு கோடை மழை இடியோடு வந்தால் கடற்கரையை விட்டு உடனே மேலே ஏறிவிடுங்கள்.

இரண்டாம் நாள் ஆறு மணிக்கே கிளம்புங்கள். இடவா தாண்டி காப்பில் வரும்போது இடப்புறம் கடல், வலப்புறம் காயல், நடுவில் ஒரு சாலை. இந்தப் பயணத்திலேயே மெதுவாகப் போக வேண்டிய இடம் இதுதான். ஆறரைக்கு அங்கே தூண்டில் போடுபவர்களும் வலை இழுப்பவர்களும் மட்டும் இருப்பார்கள், பத்து மணிக்குப் போனால் செல்ஃபி எடுப்பவர்களின் பைக்குகள். வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தால் பத்துப் பதினைந்து நிமிடம் போகும், அதையும் கணக்கில் சேருங்கள். எட்டரைக்குமுன் கொல்லம் சின்னக்கடையைத் தாண்டுவது முக்கியம். 1902-இல் கட்டிய தங்கசேரி கலங்கரை விளக்கத்தில் ஏற வேண்டுமென்றால் அதற்குத் தனியாக ஒரு நாள் வையுங்கள், இந்தத் திட்டத்துக்குள் திணிக்காதீர்கள்.

கொல்லத்துக்கு வடக்கே நீண்டகரைப் பாலம், சவரா, கருநாகப்பள்ளி வரை நெடுஞ்சாலைதான். ஆறு வழி வேலைக்காக டைவர்ஷன் வாராவாரம் மாறும். போன மாதம் போனவர் சொன்ன வழியை நம்ப முடியாது. கருநாகப்பள்ளியிலிருந்து இடப்புறம் கால்வாயைத் தாண்டி ஆலப்பாட்டுக்குள் இறங்கினால் காயங்குளம், ஹரிப்பாடு நெரிசல் மொத்தமும் போய்விடும். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் கால்வாய், நடுவில் ஒரு கீற்றாக நிலம். 2004 சுனாமி கேரளத்தில் அதிகம் அடித்த இடம் இது. அழீக்கலில் காயங்குளம் பொழிக்கு மேலே 2022 மார்ச்சில் திறந்த வில் வளைவுப் பாலம் இருக்கிறது. அதில் ஏறி இறங்கினால் வலியழீக்கல், ஆலப்புழை மாவட்டம். பிறகு ஆறாட்டுப்புழா, திருக்குன்னப்புழா, தோட்டப்பள்ளியில் மறுபடி நெடுஞ்சாலை.

இந்தத் துண்டைப் பற்றி ஒன்று அழுத்திச் சொல்ல வேண்டும். ஆறாட்டுப்புழாப் பகுதியில் கடலுக்கும் சாலைக்கும் இடையே ஒரு கல்சுவர்தான். ஏப்ரல், மே மாதங்களில் கள்ளக்கடல் வரும். வானம் தெளிவாக இருக்கும், காற்றே இருக்காது, ஆனால் அலை சுவரைத் தாண்டிச் சாலையில் விழும். பல ஆயிரம் கிலோமீட்டர் தெற்கே இந்தியப் பெருங்கடலில் அடித்த புயல் கிளப்பிய நீண்ட அலை, சில நாள் பயணம் செய்து இங்கே வந்து சேருவதுதான் காரணம். அதனால்தான் உள்ளூர் வானத்தைப் பார்த்து அறிய முடியாது. ஐதராபாத்திலுள்ள, கடல் நிலையைக் கணிக்கும் இன்காய்ஸ் (INCOIS) நிறுவனம் முன்கூட்டியே எச்சரிக்கை தருகிறது, முந்தின நாள் மாலை அதைப் பாருங்கள். எச்சரிக்கை இருந்தால் நெரிசலானாலும் நெடுஞ்சாலையிலேயே போங்கள். அலையடித்த சாலையில் மணல் படிந்து கிடக்கும், உப்புத் தண்ணீரில் பிரேக்கும் அடிப்பாகமும் நனையும். சாலை திறந்திருக்கிறதா என்ற சந்தேகம் வந்தால் ஆட்டோ ஸ்டாண்டில் கேளுங்கள். தமிழிலேயே கேட்கலாம், புரியும்.

தண்ணீரில் இறங்குவதற்கும் இதே கவனம் வேண்டும். 2024 மே மாதம் நம்ம கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் போனது கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நாட்களில்தான். பொழிமுகத்தருகே கணுக்கால் தண்ணீர்கூட வேண்டாம். பிள்ளையின் கையைப் பிடிக்காமல் போட்டோ எடுக்க நிற்காதீர்கள்.

தோட்டப்பள்ளியிலிருந்து அம்பலப்புழை தாண்டி, களர்கோட்டில் ஆலப்புழை பைபாஸில் ஏறினால் கொம்மாடி வரை 6.8 கிலோமீட்டர், அதில் 3.2 கிலோமீட்டர் கடற்கரையை ஒட்டிய மேம்பாலம். படகுவீட்டுக்குப் பெரும் பணம் கொடுக்க மனமில்லாதவர்கள் கேரள நீர்ப் போக்குவரத்துத் துறையின் கோட்டயம் படகில் ஏறுங்கள். இரண்டரை மணி நேரம், பஸ் கட்டணம் போலத்தான். கொச்சி வரை நீட்ட நினைத்தால், துறவூர் முதல் அரூர் வரை மேம்பால வேலை நடக்கும் நெடுஞ்சாலையை விட்டு அர்த்துங்கல், செல்லானம் கடலோர வழியாகத் தோப்பும்படிக்குப் போவது நல்லது.

நாட்களைப் பொறுத்தவரை செவ்வாய் அல்லது புதன் கிளம்புங்கள். வெள்ளி மாலையும் ஞாயிறு மாலையும் வண்டி ஓட்டவே வேண்டாம். மே கடைசி வாரம் கேரளத்தில் பள்ளி திறக்கும் முன் கடைத்தெருக்களில் கூட்டம் பொங்கும், ஜூன் பிறந்தால் இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழை. மே முதல் பாதிதான் பொருத்தம். வழியில் பத்மநாபபுரம் அரண்மனை பார்ப்பவர்கள் திங்கட்கிழமை போகாதீர்கள், அன்று விடுமுறை. கேரளத்தில் சாலைக் கேமராக்கள் 2023 ஜூனிலிருந்து அபராதம் போடுகின்றன, முன் இருக்கையில் இருவருக்கும் சீட் பெல்ட் கட்டாயம். பின்னால் இருப்பவர்களும் போட்டுக்கொள்ளுங்கள்.

வாந்தி எடுக்கும் பிள்ளைக்கு வெறும் வயிறும் ஆகாது, நிறைந்த வயிறும் ஆகாது. கிளம்பும்போது ஒன்றிரண்டு மட்டி வாழைப்பழம் போதும். இட்லியை எட்டு மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது ஆலப்புழையைக் காலை ஐந்தரைக்கு விடுங்கள். அதற்கு முன்பென்றால் இருட்டில் வேலை நடக்கும் சாலையின் தடுப்புகள் தெரியாது. நேரே நெடுஞ்சாலை, கொல்லம் பைபாஸ் 13 கிலோமீட்டர், கழக்கூட்டத்தில் டெக்னோபார்க் ஐ.டி. வளாகக் கூட்டத்துக்கு மேலேயே மேம்பாலத்தில் போய்விடலாம். வீடு வந்த மறுநாளே வண்டியின் அடிப்பாகத்தையும் சக்கரக் குழிகளையும் நல்ல தண்ணீரில் அழுத்திக் கழுவச் சொல்லுங்கள். மேல் பளபளப்புக்கு மட்டும் வாஷ் போட்டு அனுப்பினால் உப்பு அடியிலேயே இருந்துகொண்டு சைலன்ஸரைத் தின்னும்.