260 இசட்டுக்குள் ஆர்பி25: எஞ்சினைக் கடைசியில் முடிவு செய்த கதை

2021இல் பல்லாரட் பக்கம் ஒரு பண்ணைக் கொட்டகையில் கிடந்த 1975 மாடல் டாட்சன் 260 இசட்டை டிரெய்லரில் ஏற்றி மெல்பர்னுக்குக் கொண்டுவந்தேன். இரண்டு சீட் கூப்பே, அதனுடனே வந்த எல்26 எஞ்சின், 2565 சிசி, இரட்டை எஸ்யூ வகை கார்புரேட்டர். எஞ்சின் சுற்றியது, ஆனால் புகை. வாங்கும்போதே மனசுக்குள் முடிவாகிவிட்டது, இதற்குள் நிஸ்ஸான் ஸ்கைலைன் காரின் எஞ்சின் போகப்போகிறது என்று. அன்றைக்கு நினைத்தது ஆறு மாத வேலை. திட்டம் போடவே எட்டு மாதம் ஆனது, அந்த எட்டு மாதமும் வீண் இல்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் வாரமே ஸ்கைலைனின் ஆர்பி26 டர்போ எஞ்சின் ஒன்றுக்கு முன்பணம் கட்டக் கிளம்பினேன். பக்கத்துத் தெருவில் யாழ்ப்பாணத்து அண்ணா ஒருவர் இருக்கிறார், பத்து வருஷமாக ஆர்33 ஸ்கைலைன் வைத்திருக்கிறவர். காரைப் பார்க்க வந்தவர் எஞ்சின் பக்கமே போகவில்லை. "தம்பி, எஞ்சினைப் பிறகு பாப்பம். முதல் கீழ படுத்து றெயிலைப் பார்" என்றார். படுத்துப் பார்த்தேன். தரைக்கு அடியில் நீளமாக ஓடும் றெயிலில் ஸ்க்ரூடிரைவர் முனை உள்ளே போய்விட்டது. பேட்டரி தட்டுக்குக் கீழே துரு, கதவுக்குப் பின்னால் சக்கர வளைவு தொடங்குகிற மூலையில் துரு, பின்கதவு வந்து மூடும் தகட்டிலும் துரு. இந்த வகை இசட் கார்கள் எல்லாமே துருப்பிடிக்கும் இடங்கள் இவைதான், புதிதாக எதுவும் இல்லை. ஆனால் தொழிற்சாலையில் இருந்து வந்தபோதே அந்த றெயில் தகடு மெல்லியது, அதில் துரு வேறு. முறுக்குவிசை இரண்டு மடங்கு ஆகும் எஞ்சினை அதன்மேல் உட்காரவைத்தால் கார் முறுக்கிக்கொள்ளும்.

முன்பணம் கட்டவில்லை. அடுத்து செய்ததுதான் இந்த மொத்தக் காரியத்திலும் நான் எடுத்த மிகச் சரியான முடிவு: ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றுவதற்கு முன்னால் சான்றிதழ் தரும் இன்ஜினியரிடம் போனேன். எங்கள் விக்டோரியா மாநிலத்தில் இந்த மாதிரி மாற்றம் செய்த காரை ரோட்டில் ஓட்ட வாஸ் சான்றிதழ் வேண்டும், அதைக் கொடுக்க அங்கீகாரம் பெற்றவர்கள் சிலர்தான் இருக்கிறார்கள், அவர்கள் பார்ப்பது விஎஸ்பி14 என்ற தேசிய விதிக்கோவையை. அதில் காரின் மூல எடையை வைத்துத்தான் எவ்வளவு பெரிய எஞ்சின் போடலாம் என்று கணக்கு. டர்போ இருந்தால் அந்த அளவு இன்னும் குறையும். ஆசைப்பட்டிருந்த 5.7 லிட்டர் எல்எஸ்1 வி8 என் காரின் எடைக்கு அங்கேயே அடிபட்டுப் போனது. எஞ்சினை வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டு இந்தக் கணக்கைக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன்.

மிச்சம் நான்கு வழி. எல்26இன் குடும்பத்திலேயே பெரிய எல்28 பிளாக்கை எடுத்து, பிஸ்டனை 83 மிமீ ஏற்றி இறக்கும் எல்டி28 டீசல் எஞ்சினின் கிராங்கைப் போட்டு, சிலிண்டர் துளையை (போர்) 89 மிமீ ஆக்கினால் 3.1 லிட்டர் வரும், பழைய ஆட்கள் இன்னும் சத்தியம் செய்யும் வழி அது, சத்தமும் அந்தக் காருக்கே உரிய சத்தம். ஆனால் நல்ல எல்28 பிளாக்கும் அந்தக் கிராங்கும் கிடைக்கிற விலையில் நான் நினைத்த சக்தி வராது. நிஸ்ஸானின் எஸ்ஆர்20 எஞ்சின் இலேசானது, முன்பக்க எடை குறையும், ஆனாலும் நாலு சிலிண்டரை இந்த நீண்ட மூக்குக்குள் வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆர்பி26 நாலு சக்கர ஓட்டத்துக்காகச் செய்தது, அடியில் எண்ணெய் நிற்கும் தொட்டியான சம்ப்போடு சேர்ந்து முன் டிஃபரென்ஷியல் (சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் பல்சக்கரப் பெட்டி) தொங்கும், சம்ப்பும் கியர்பாக்ஸும் மாற்றியாக வேண்டும், விலையும் எங்கேயோ போய்விட்டது. ஆர்33 ஜிடிஎஸ்டியில் வரும் ஆர்பி25டெட் பின்சக்கர ஓட்டம், 2498 சிசி, கம்பெனி கணக்கில் 250 பிஎஸ், கூடவே வரும் ஐந்து கியர் பாக்ஸும் உறுதியானது. எல்26 போலவே இரும்புப் பிளாக், அலுமினிய ஹெட், வரிசையாக ஆறு சிலிண்டர். சரி, இதுதான் என்று முடிவானது ஐந்தாம் மாதம்.

அப்போதும் வாங்கவில்லை. டிஃபரென்ஷியலில் இருந்து முன்னோக்கித் திட்டம் போட்டோம். என் காரில் இருந்தது ஆர்180 என்ற சிறிய டிஃபரென்ஷியல், அதற்குப் போகும் அரை ஷாஃப்ட்டுகள் யூனிவர்சல் ஜாயின்ட் வைத்தவை. அதற்குப் பதில் பெரிய ஆர்200, அதுவும் நீள மூக்கு வகை. ஆர்33இல் இருக்கும் ஆர்200 குட்டை மூக்கு, அது நேராகப் பொருந்தாது, இந்த இடத்தில் நிறையப் பேர் தவறி வாங்கிவிடுகிறார்கள். நல்லவேளை, அண்ணா முன்கூட்டியே சொல்லிவிட்டார். சி.வி. ஜாயின்ட் ஷாஃப்ட், சக்கரத்தைச் சுழற்றும் 27 பல் ஸ்டப் ஆக்சில் (பழைய 25 பல் ஆக்சில் இந்தச் சக்திக்கு முறியும்), கியர்பாக்ஸையும் டிஃபரென்ஷியலையும் இணைக்க ஒரே துண்டாகச் செய்த புரொப்பல்லர் ஷாஃப்ட். பிரேக்குக்கு முன்னால் டொயோட்டா ஹைலக்ஸின் நாலு பிஸ்டன் கேலிப்பர், காற்றுப்போகும் டிஸ்க், பின்னால் டிரம்மை எடுத்துவிட்டு டிஸ்க். இவை ஒவ்வொன்றையும் தாளில் எழுதி இன்ஜினியருக்கு அனுப்பி, அவர் சரி என்ற பிறகுதான் பணம் கொடுத்தேன். வளைவில் பெட்ரோல் தட்டுப்படாமல் காக்கும் சிறிய சர்ஜ் டேங்கைப் பின்னால் கேபினுக்குள் வைக்க நினைத்திருந்தேன், அதைக் கூடாது என்றார். காருக்கு அடியில் இடம் தேடி, கல்லடி படாமல் தகடு போட்டு மாட்டினோம்.

றெயில் வெட்டி வெல்டிங் செய்து முடிக்க நான்கு மாதம். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, தூசியும் பொறுமையும்தான்.

எஞ்சின் வந்தது ஹாஃப்-கட்டாக. ஜப்பானில் காரின் முன்பாதியை அப்படியே அறுத்து அனுப்புவார்கள், எஞ்சின், கியர்பாக்ஸ், வயரிங், கம்ப்யூட்டர் எல்லாம் ஒன்றாகக் கிடைக்கும். விற்றவர் 80,000 கிமீ ஓடியது என்றார், ஸ்டார்ட் செய்தும் காட்டினார், சத்தம் அழகாக இருந்தது, ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் கட்டுகிறது என்று பார்க்கும் கம்ப்ரெஷன் சோதனையை நான் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து சோதித்தபோது ஐந்து சிலிண்டரில் 155இல் இருந்து 160 பிஎஸ்ஐ, ஆறாவதில் 115. ஆர்பி எஞ்சின்களில் முதலில் அடிவாங்குவது பெரும்பாலும் கடைசியில் இருக்கும் அந்த ஆறாவது சிலிண்டர்தான், எனக்கு இது தெரியும், தெரிந்தும் கேட்கவில்லை. விற்றவர் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார். ஹாஃப்-கட்டுக்கு 9,500 டாலர் கொடுத்திருந்தேன், பிரித்துக் கட்ட இன்னும் 11,000 ஆனது. சிறிய வேலைதான் அந்தச் சோதனை. தயவுசெய்து செய்யுங்கள்.

பிரித்ததில் ஒரு நன்மை, ஆர்பியின் எண்ணெய்ப் பிரச்சினையை ஒழுங்காகத் தீர்க்க முடிந்தது. இந்த எஞ்சின் ஹெட்டுக்கு எண்ணெயை அளவுக்கு மீறி அனுப்பும், ஆனால் அது சம்ப்புக்குத் திரும்பி வரும் வழி சிறியது. நீண்ட வளைவில் உச்சச் சுற்றில் வைத்திருந்தால் எண்ணெய் மேலே தேங்கி, கீழே பம்ப் காற்றை உறிஞ்சும், பேரிங் போகும். அதனால் ஹெட்டுக்குப் போகும் வழியைச் சிறிதாக்கும் ரெஸ்ட்ரிக்டர், ஹெட்டின் பின்புறத்தில் இருந்து சம்ப்புக்குத் தனியாக ஒரு வடிகுழாய், சம்ப்பில் தடுப்புத் தகடு. எண்ணெய் பம்பின் பல்சக்கரம் எஞ்சின் சுற்றின் உச்ச வரம்பான ரெவ் லிமிட்டரில் அடிக்கடி மோதினால் விரிசல் விடும், அதற்குக் கட்டி இரும்பில் கடைந்த பல்சக்கரமும், அதைச் சுழற்றும் கிராங்க் முனைக்கு அகலமான காலரும் போட்டேன். அடித்து உருவாக்கிய ஃபோர்ஜ்டு பிஸ்டன் 86.5 மிமீ. போர் அரை மிமீ கூடினால் கொள்ளளவு 2528 சிசி ஆகும் என்பதால் அதையும் இன்ஜினியரிடம் கேட்டுவிட்டே லேத்துக்குக் கொடுத்தேன். ஆர்33 உடன் வரும் டர்போவின் டர்பைன் சக்கரம் செராமிக், அழுத்தம் ஏற்றினால் உடைந்து எக்ஸாஸ்ட்டுக்குள் போய்விடும், அதைத் திரும்பப் போடவில்லை. பதிலுக்குக் காரெட் கம்பெனியின் டர்போ, எஞ்சினை இயக்க ஈசியு என்ற தனிக் கம்ப்யூட்டர்.

இனிமேல் சொல்வது வலப்பக்க ஸ்டீயரிங் கார் வைத்திருப்பவர்களுக்கு. இந்த மாற்றத்துக்கான விவரங்கள் பெரும்பாலும் அமெரிக்கர்கள் எழுதியவை. அவர்கள் காரில் ஸ்டீயரிங் இடப்பக்கம், ஆர்பியில் காற்று உள்ளே போகும் இன்டேக்கும் இடப்பக்கம், அதனால் அவர்களுக்கு அங்கே சூடு கிடையாது. நம் காரில் ஸ்டீயரிங் ஷாஃப்ட்டும் பிரேக் திரவத்தை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரும் வலப்பக்கம், டர்போவும் அதே பக்கம். எல்26இல் கார்புரேட்டர், எக்ஸாஸ்ட் இரண்டுமே இடப்பக்கம் என்பதால் பழைய எஞ்சினைப் பார்த்து இது புரியாது. எஞ்சினைத் தொங்கவிட்டு வைத்துப் பார்த்தபோதுதான் டர்போவில் இருந்து இறங்கும் குழாய்க்கும் ஸ்டீயரிங் ஷாஃப்ட்டுக்கும் நடுவே விரல் நுழையவில்லை என்று தெரிந்தது. மவுண்ட் பிராக்கெட்டை இரண்டு தடவை அறுத்து வெல்டு செய்து, எஞ்சினை 12 மிமீ இடப்பக்கம் நகர்த்தி, குழாயைப் புதிதாக வளைத்தோம். அந்த வாரம் மட்டும் அண்ணா மூன்று நாள் லீவு போட்டு வந்தார், ஒரு டாலர் வாங்கவில்லை.

சக்தியை அளக்கும் டைனோவில், 98 ஆக்டேன் பெட்ரோலில், 16 பிஎஸ்ஐ டர்போ அழுத்தத்தில், சக்கரத்தில் 236 கிலோவாட். இன்னும் ஏற்றலாம் என்றார் டியூன் செய்தவர். வேண்டாம் என்றேன், இன்ஜினியரிடம் எழுதிக் கொடுத்த எண் 240. பிரேக் சோதனை, சத்தச் சோதனை இரண்டும் முதல் தடவையிலேயே தேறின, வாஸ் சான்றிதழ் கைக்கு வந்தது.

முதல் நீண்ட ஓட்டம் டேன்டினாங் மலைக்கு. ஏறும்போது எப்படி இருந்தது என்று எழுத எனக்குச் சொல் போதாது, 3,500 சுற்றுக்கு மேல் அந்த நீண்ட மூக்கு இலேசாக நிமிர்ந்து காடு பின்னால் ஓடியது. இறங்கும்போது மூன்றாவது வளைவில் பிரேக் பெடல் பஞ்சு போல உள்ளே போனது. இரண்டு தடவை மிதித்ததும் பிடித்தது. ஓரமாக நிறுத்தி பானட்டைத் திறந்தால் மாஸ்டர் சிலிண்டரில் கை வைக்க முடியவில்லை, திரவம் கொதித்திருக்கிறது. பக்கத்தில் இருந்த அண்ணா ஒன்றும் பேசாமல் ஃபோன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். இப்போது டர்போவின் எக்ஸாஸ்ட் பக்கக் கூட்டுக்குச் சூடு தடுக்கும் போர்வை, குழாய்க்கு செராமிக் பூச்சு, மாஸ்டர் சிலிண்டருக்கும் டர்போவுக்கும் நடுவே இரட்டை அலுமினியத் தகடு, பிரேக் லைன், எஞ்சினையும் கேபினையும் பிரிக்கும் ஃபயர்வாலின் இடப்பக்கமாகச் சுற்றிப் போகிறது. லைனை மாற்றியதை இன்ஜினியர் ஒருமுறை பார்த்துவிட வேண்டும், வரும் செவ்வாய் நேரம் கொடுத்திருக்கிறார். அவர் பார்த்த பிறகு அதே மலைக்கு மறுபடி போகிறோம்.