கொடுக்க ஆள் இருந்தது, வாங்க வழி இல்லை: நாடகக் கொட்டகையைப் பழுது பார்த்த கதை

எங்கள் ஊர் நாடகக் கொட்டகைக்கு ஓடு வேய்ந்து முடித்துப் பன்னிரண்டு நாள் ஆகிறது. நேற்று ராத்திரி நல்ல மழை. டார்ச்சை எடுத்துக்கொண்டு நானே போய் நின்று பார்த்தேன், ஒரு சொட்டு உள்ளே விழவில்லை. மேடைக்குப் பக்கத்தில் ஒழுகும் தண்ணீரைப் பிடிக்க வருடக்கணக்காக உட்கார்ந்திருந்த அலுமினிய அண்டாவை இன்று காலையில்தான் தூக்கி வெளியே வைத்தோம்.

இதற்கு இரண்டு வருடம் நான்கு மாதம் ஆனது. கொத்தனாரும் தச்சரும் வேலை பார்த்தது அதில் ஐந்தே மாதம். மீதி நாளெல்லாம் நான் ஏதாவது ஓர் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பணம் கிடைக்காமல்தான் இழுத்தது என்று ஊரில் பலர் நினைக்கிறார்கள். பணம் கொடுக்க முதல் மாதமே ஆள் இருந்தது. அதை வாங்கிக்கொள்ளும் யோக்கியதைதான் கொட்டகையை நடத்தும் எங்கள் மன்றத்துக்கு இல்லை.

சிவகங்கைப் பக்கம் சின்ன ஊர் எங்களுடையது. கொட்டகை தாத்தா காலத்தில் ஊரார் வரி போட்டுக் கட்டியது. சுண்ணாம்புச் சுவர், பர்மா தேக்கு விட்டம், மங்களூர் ஓடு. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் மறைந்தது 1922இல். அவர் எழுதிவைத்த பாட்டையும் தர்க்கத்தையும் கொண்டு சமீப காலம் வரை பங்குனி, சித்திரையில் எங்கள் மேடையில் ராஜபார்ட்டும் (நாயகன்) ஸ்திரீபார்ட்டும் (நாயகி) விடிய விடிய மோதிக்கொள்வார்கள். கொரோனாவுக்குக் கொஞ்சம் முன்னால் ஓடு சரிந்து அதுவும் நின்றுபோனது. பழைய செயலாளர் உடம்பு முடியாமல் ஒதுங்கியதும் சாவியை என் தலையில் கட்டினார்கள்.

திருப்பூரில் தொழில் செய்யும் ஊர்க்காரர் ஒருவர் மன்றத்தின் பெயரில் ஒரு லட்சத்துக்குக் காசோலை கொடுத்தார். சந்தோஷமாக வங்கிக்குப் போனேன். கணக்கு செயலிழந்து கிடந்தது. கையெழுத்துப் போடும் உரிமை இருந்த இரண்டு பேருமே காலமாகிவிட்டார்கள். போட்டுவைத்த டெபாசிட்டை 10 வருடத்துக்கு மேல் யாரும் தொடாததால் அது ரிசர்வ் வங்கி நிதிக்குப் போயிருந்தது. (உங்களுக்கும் அப்படி ஆகியிருந்தால் பயப்படாதீர்கள், பணம் போய்விடாது. அதே வங்கியில் எழுதிக் கேட்டால் திரும்ப வரும். எங்களுக்கு வந்தது.) இப்போதைய நிர்வாகிகள் யார் என்று மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் சான்று வாங்கி வரச் சொன்னார் மேனேஜர்.

அங்கே போனால் எங்கள் கோப்பில் கடைசியாக ஒரு தாள் சேர்ந்தது 2003இல். எங்கள் மன்றம் பதிவு செய்த சங்கம்; சங்கம் என்றால் வருடாவருடம் கணக்கும் உறுப்பினர் பட்டியலும் தாக்கல் செய்ய வேண்டும், நிர்வாகிகள் மாறினால் படிவம் 7 கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் எங்கள் பெரியவர்களுக்கு மறந்தே போயிருக்கிறது. கிளார்க் கோப்பைப் புரட்டிவிட்டு, “உங்க சங்கம் உசுரோட இருக்கா இல்லையான்னே தெரியலையே சார்” என்றார். சிரிக்காமல் சொன்னார்.

விட்டுப்போன அத்தனை வருடத்துக்கும் கணக்கு, தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனு, அபராதக் கட்டணம். சரி, தப்பு எங்களுடையது, கட்டிவிடலாம். ஆனால் என்னென்ன வேண்டும் என்பதை அவர் ஒரே நாளில் சொல்லவில்லை. முதல் தடவை போனபோது துணைவிதி நகல் இல்லை. எங்கள் பிரதியைக் கரையான் தின்றுவிட்டது என்றேன். அந்த ஆபீஸ் ரெக்கார்டு ரூமிலேயே பணம் கட்டி நகல் வாங்கலாம் என்பதை மூன்றாவது தடவைதான் சொன்னார். இரண்டாவது தடவை, தீர்மான நோட்டில் தலைவர் கையெழுத்து எல்லாப் பக்கத்திலும் இல்லை. நான்காவது தடவை எல்லாம் சரியாக இருந்தது, அவர்தான் இல்லை. ஐந்தாவது தடவை ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, “சார், மொத்தத்தையும் இதுல உங்க கையால எழுதிக் குடுத்துடுங்க” என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்தார், ஆனால் எழுதினார். பதினோரு அயிட்டம். அதற்கப்புறம் இரண்டே நடையில் முடிந்தது. முதல் நாளே அந்த வெள்ளைத் தாளை நீட்டுங்கள்.

வரவே இல்லாத சங்கத்துக்குக் கணக்கு எழுதுவதில் என்ன சிக்கல் இருக்கப்போகிறது என்று நினைத்தேன். ஆடிட்டர் ஒரே கேள்வி கேட்டார்: “இத்தனை வருஷமா கரண்ட் பில் யார் கட்டினா?” எனக்குத் தெரியவில்லை. விசாரித்தால் பக்கத்து டீக்கடைக்காரர். அவர் கடை பல்பும் ஃபிரிட்ஜும் எங்கள் மீட்டரில் ஓடியிருக்கின்றன. ஒருவிதத்தில் அந்த மனிதரால்தான் இணைப்பு துண்டிக்கப்படாமல் இருந்தது. சண்டை போடுவதா நன்றி சொல்வதா என்று தெரியாமல் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன்.

அடுத்தது பட்டா. ஒரு கம்பெனியின் சமூகப் பொறுப்பு நிதியைக் கேட்டிருந்தோம். கலை, பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்புக்கு அதில் இடம் உண்டு. கொட்டகை நிற்கும் நிலம் யார் பெயரில் என்று கேட்டார்கள். இணையத்தில் பார்த்தால் பட்டா, நிலம் கொடுத்த குடும்பத்துப் பெரியவர் பெயரில். 1979இலிருந்து 1987 வரை நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்தார்களே, அந்த யு.டி.ஆர். பதிவில் நேர்ந்த குளறுபடி. எங்கள் பக்கம் பாதி ஊருக்கு இந்த வியாதி உண்டு. தானப்பத்திரத்தின் சான்றிட்ட நகலும் கிராம நிலக் கணக்கான பழைய ‘அ’ பதிவேட்டின் நகலும் கிடைத்தால்தான் மனுவே நிற்கும். வில்லங்கச் சான்று கணினியில் அவ்வளவு பின்னால் போகாது, புத்தகத்தில்தான் தேட வேண்டும். வருடம் தெரியாமல் போனால் தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். எங்களைக் காப்பாற்றியது பழைய வீட்டுவரி ரசீது ஒன்று. அதன் பின்பக்கத்தில் யாரோ பென்சிலால் பத்திர எண்ணைக் குறித்திருந்தார்கள். அந்தக் குடும்பத்துப் பேரன் கோவையிலிருந்து வந்து ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்தார். மாவட்ட வருவாய் அலுவலர் விசாரணை பத்து நிமிடம்தான். அந்தப் பத்து நிமிடத்துக்குக் காத்திருந்தது ஏழு மாதம். பட்டா கைக்கு வந்தபோது மார்ச் முடிந்து, கம்பெனியின் அந்த வருட நிதியும் தீர்ந்திருந்தது.

நன்கொடையாளருக்கு வரிவிலக்கு கிடைக்க வருமான வரிச் சட்டத்தின் 12ஏ, 80ஜி பிரிவுகளில் மன்றத்துக்குப் பதிவு வேண்டியிருந்தது. விண்ணப்பம் ஆன்லைன், சுலபம். ஆனால் கேள்வி வந்தது. எங்கள் பழைய துணைவிதியில் “மன்றம் கலைந்தால் சொத்துகளை உறுப்பினர்கள் சமமாகப் பிரித்துக்கொள்வது” என்று எழுதியிருக்கிறார்கள் புண்ணியவான்கள். அப்படி இருந்தால் அது தர்ம காரியம் ஆகாது; சொத்து இதே நோக்கமுள்ள இன்னொரு அமைப்புக்குத்தான் போக வேண்டும். திருத்துவதற்கு 21 நாள் நோட்டீஸ் கொடுத்துப் பொதுக்குழு, முக்கால்வாசிப் பேர் ஒப்புதல், மறுபடியும் அந்தப் பதிவாளர் அலுவலகம். பொதுக்குழுவில் ஒரு சித்தப்பா எழுந்து, “அப்ப எங்க பங்கு?” என்றார். விளையாட்டுக்குக் கேட்டார் என்றே நினைக்கிறேன். விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் உங்கள் துணைவிதியின் கடைசிப் பக்கத்தை ஒரு தடவை படித்துவிடுங்கள்.

ஒருவழியாகச் சான்றிதழ் வந்ததும் பெருமையோடு எல்லோருக்கும் வாட்ஸாப்பில் அனுப்பினேன். பாதிப்பேர், “அண்ணே, நான் புது வரிமுறையில இருக்கேன், எனக்கு 80ஜி கிடையாது, சும்மா ரசீது போதும்” என்றார்கள். மீதிப்பேர் ரொக்கமாகக் கொடுத்தார்கள். ரொக்கம் 2,000 ரூபாயைத் தாண்டினால் அவர்களுக்கு விலக்கு இல்லை.

எல்லாவற்றையும்விட மனசு வலித்தது சிங்கப்பூர் விஷயத்தில்தான். எங்கள் ஊர்க்காரர்கள் அங்கே மூன்று தலைமுறையாக இருக்கிறார்கள். பெரியவர் ஒருவர், சின்ன வயதில் எங்கள் மேடையில் பாலபார்ட் போட்டவர், மொத்தக் கூரையையும் தானே போட்டுத் தருவதாகச் சொன்னார். நல்லவேளை, வாங்குவதற்கு முன்னால் ஆடிட்டரிடம் வாயைத் திறந்தேன். பெரியவர் எடுத்திருப்பது சிங்கப்பூர்க் குடியுரிமை. ஆகவே அவர் கொடுப்பது வெளிநாட்டு நன்கொடை. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் தனிப் பதிவும், டில்லியில் ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட ஒரே கிளையில் கணக்கும் இல்லாமல் வாங்கக் கூடாது. அவர் நேரில் ஊருக்கு வந்து ரூபாயாகக் கையில் கொடுத்தாலும் அதே கதைதான். சும்மா கிடந்த சங்கத்துக்கு அந்தப் பதிவு லேசில் கிடைக்காது, மூன்று வருடச் செலவுக் கணக்கு காட்ட வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் அங்கே சம்பாதித்துத் தன் வங்கி வழியாக அனுப்பினால் தடை இல்லை. அவருடைய தம்பி இன்னும் பாஸ்போர்ட்டை மாற்றவில்லை, தன் பங்குக்கு அனுப்பினார். அண்ணனிடம் போனில் இதை விளக்கியபோது ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. “அப்ப நான் வெளியாளாடா தம்பி?” என்று மட்டும் கேட்டார். அதற்கு என்னிடம் எந்தப் படிவமும் இல்லை.

கட்டட வேலையில் நான் செய்த பெரிய தப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும். முதலில் வந்த எஞ்சினியர் மேற்குச் சுவருக்கு சிமெண்டுப் பூச்சு எஸ்டிமேட் போட்டார், நானும் தலையாட்டினேன். ஒரு மழைக்காலம் தாங்கவில்லை. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை இழுத்து வெளியே விடும் சுவர். மேலே சிமெண்டை அப்பினால் ஓதம் உள்ளேயே அடைபட்டு, உப்பு பூத்து, பாளம் பாளமாகக் கழன்று விழுந்தது. அறுபதாயிரம் ரூபாய் தரையில் கிடந்தது. அப்புறம் செட்டிநாட்டு வீடுகளில் வேலை பார்த்த வயசான கொத்தனார் ஒருவரைப் பிடித்தோம். சுண்ணாம்பை வாரக்கணக்கில் ஊறப்போட்டு, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரை விட்டு அரைத்துப் பூசினார். கொட்டகை முழுக்க ஒரு மாதம் கள்ளுக்கடை வாசனை. சுவர் இப்போது கல் மாதிரி நிற்கிறது. ஓடு வாங்குகிறவர்கள் கவனிக்க: ஒவ்வொரு தொழிற்சாலை ஓட்டுக்கும் கொக்கி கொஞ்சம் வேறுபடும். பழைய ஓடு ஒன்றைக் கையோடு எடுத்துப் போய்ப் பொருத்திப் பார்த்துதான் பணம் கொடுங்கள். நான் போனில் ஆர்டர் செய்து ஒரு லோடைத் திருப்பி அனுப்பியவன்.

கையிருப்பு விட்டத்தோடு தீர்ந்துவிட்டது. ஓட்டுக்குப் பணம் வேண்டும் என்றுதான் நிதிக்காக ஒரு நாடகம் போடத் தீர்மானித்தோம். மதுரை சுண்ணாம்புக்காரத் தெருவுக்குப் போனேன். (சுண்ணாம்பு வாங்க இல்லை. நாடக நடிகர் சங்கம் அந்தத் தெருவில்தான் இருக்கிறது.) விஷயத்தைச் சொன்னதும் ராஜபார்ட் பாதிச் சம்பளம் போதும் என்றார். ஆர்மோனியக்காரர் பஸ் காசு மட்டும் கேட்டார்.

அனுமதிக்குக் காவல் நிலையம் போனேன். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்றார் இன்ஸ்பெக்டர். மூடிய அரங்கத்துக்குள் என்றால் விலக்கு உண்டு என்று நானும் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். அவர் கேட்டார்: “மூடின அரங்கம்னா மேல கூரை இருக்கணுமே சார், இருக்கா?” கூரை போடத்தானே சார் நாடகமே என்றேன். “அப்ப கூரை போட்டுட்டு வாங்க” என்றார். பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த ஏட்டு தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு.

கடைசியில் சாயங்காலம் ஆறு மணிக்கே ஆரம்பித்தோம். பத்து அடித்ததும் மைக்கை அணைத்தோம். கூட்டம் கலைந்துவிடும் என்று பயந்தேன். ராஜபார்ட் மேடை விளிம்புக்கு வந்து, “மைக் வர்றதுக்கு முன்னாடி எங்க வாத்தியார் எப்படிப் பாடினாரோ அப்படிப் பாடுறேன், கிட்ட வாங்க” என்றார். பாயைச் சுருட்டிக்கொண்டு எல்லோரும் முன்னால் நகர்ந்தார்கள். முருகன், வள்ளி தர்க்கம் வெறும் தொண்டையில் ஒரு மணி வரை போனது. சிங்கப்பூர்ப் பெரியவர் வந்திருந்தார். முதல் வரிசையில் தரையில் உட்கார்ந்து பார்த்தார். ஒரு ரூபாய்கூட அவரிடம் வாங்கவில்லை.

வசூலில் ஆடிட்டர் சொன்ன ஒரு யோசனை பலித்தது. பெயர் தெரியாத காணிக்கை ஓர் அளவுக்கு மேல் போனால் சங்கத்துக்கு 30 சதவீதம் வரி விழும், உண்டியல் வைக்காதீர்கள் என்றார். அதனால் கோமாளி வேடம் போட்ட பபூனே ஒவ்வொருவர் பெயரையும் அவர் தெருவையும் சேர்த்துக் கூவ, கீழே இரண்டு பையன்கள் நோட்டில் எழுதினார்கள். தெருவைச் சொல்லி அழைத்ததும் தெருவுக்குத் தெரு போட்டி வந்துவிட்டது. வடக்குத் தெரு ஜெயித்தது. ஓட்டுப் பணம் அன்றே தேறிவிட்டது.

இன்னும் ஒன்று பாக்கி. பொதுக் கட்டட உரிமத்துக்குத் தாசில்தார் அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறேன். எஞ்சினியரின் உறுதிச் சான்று, சுகாதாரச் சான்று இரண்டும் வந்துவிட்டன. தீயணைப்புத் துறையினர் வந்து பார்த்து, மேடைக்குப் பின்னால் இன்னொரு கதவு வைக்கச் சொன்னார்கள். நியாயம்தான். தச்சர் நேற்று அளவெடுத்துப் போனார். வியாழக்கிழமை மறுபடி தாலுகா ஆபீசுக்குப் போகிறேன். மூன்று செட் ஜெராக்ஸ் கேட்டிருக்கிறார்கள், ஐந்து எடுத்து வைத்திருக்கிறேன். ஒரு வெள்ளைத் தாளும்.