அப்பாவுக்கு ஈரல் கொடுத்த கதை

அப்பாவின் கணக்கு நோட்டில்தான் எனக்கு முதலில் உறைத்தது. அறந்தாங்கியில் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். அண்டா, குண்டான், கரண்டி, பாய் என்று வெளியே போவதும் திரும்பி வருவதும் அவர் கைப்பட நோட்டில் ஏறும். அச்சுக் கோத்த மாதிரி எழுத்து. 2022 தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது சும்மா புரட்டிப் பார்த்தேன். எழுத்து கோட்டை விட்டு இறங்கிக்கொண்டே போயிருந்தது. ஒரே கல்யாண வீட்டுக்கு இரண்டு தடவை பில் போட்டிருந்தார். "கண்ணாடியை மாத்தணும் தம்பி" என்றார். நானும் சரி, கண்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

கண் இல்லை. அதற்கு முந்தைய ஒரு வருடமாகவே கால் வீங்கிக்கொண்டிருந்தது. உப்பைக் குறைத்தார். வயிறு முன்னுக்கு வந்தது, வயசுத் தொப்பை என்றோம். தோளும் தொடையும் வற்றிப்போனதை அம்மா மட்டும் கவனித்தாள். "வேட்டி இடுப்புல நிக்கல, ஆனா வயிறு மட்டும் பெருசாயிருக்கு, இது என்ன கணக்கு?" என்று அவள் கேட்ட பிறகுதான் திருச்சியில் ஸ்கேன் எடுத்தோம். சிரோசிஸ். ஈரல் சுருங்கித் தழும்பேறி, அதன் மேற்பரப்பு முடிச்சு முடிச்சாக இருப்பதாக எழுதியிருந்தது.

அப்பா வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடித்தவர் இல்லை. இதை எத்தனை பேரிடம் எத்தனை தடவை சொல்லியிருப்போம் என்று கணக்கே கிடையாது. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஒரு மாதிரி தலையாட்டிவிட்டுப் போவார்கள். ஒருவர் என்னைத் தனியாக அழைத்து, "மனுசன் மறைச்சு வச்சிருக்கலாம்ப்பா, நீ கோவப்படாத" என்றார். நோயைவிட அதுதான் அப்பாவை அதிகம் வருத்தியது. பதினைந்து வருடச் சர்க்கரை, அதோடு சேர்ந்து ஈரலில் படிந்த கொழுப்பு, அது உண்டாக்கிய அழற்சி, அழற்சி விட்டுப்போன தழும்பு. வலியே இல்லாமல் வருடக்கணக்காக உள்ளே நடந்திருக்கிறது.

ஈரல் என்ன வேலை செய்கிறது என்று பள்ளியில் படித்தது பித்தநீர் சுரக்கும் என்ற ஒரு வரிதான் நினைவிருந்தது. மீதியை அப்பாவின் உடம்பு ஒவ்வொன்றாக நிறுத்திக் காட்டியது. இரத்தக் குழாய்க்குள் நீரைப் பிடித்து வைக்கும் அல்புமின் என்ற புரதத்தை ஈரல்தான் தயாரிக்கிறது. அது குறைந்ததும், ஈரல் வழியே போகும் இரத்தத்துக்குப் பாதை அடைபட்டதும் சேர்ந்துதான் கால் வீக்கமும் வயிற்று நீரும். இரத்தம் உறைவதற்கான பொருட்களும் பெரும்பாலும் அங்கேதான் தயாராகின்றன. பல் துலக்கினால் ஈறில் இரத்தம் நிற்காததற்கு அதுவும் ஒரு காரணம். இரவில் நாம் தூங்கும்போது இரத்தத்தில் சர்க்கரை விழாமல் பார்த்துக்கொள்ளும் சேமிப்பும் ஈரலில் உண்டு. அந்தச் சேமிப்பு இல்லாததால் உடம்பு தசையைக் கரைத்துச் சமாளிக்கும். அதனால்தான் தோளும் தொடையும் வற்றின. படுக்கும் முன் ஏதாவது கொஞ்சம் சாப்பிட்டே ஆக வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது, "சர்க்கரைக்காரருக்கு ராத்திரி பத்து மணிக்குச் சாப்பாடா?" என்று அம்மா சண்டைக்கே போய்விட்டாள். பருப்பும் முட்டையும் கூடாது என்று ஊரே சொன்னது. மருத்துவமனையில் தலைகீழாக, புரதம் கட்டாயம் வேண்டும் என்றார்கள்.

அப்புறம் நோட்டு விஷயம். குடலில் உண்டாகும் அம்மோனியாவை யூரியாவாக மாற்றி வெளியேற்ற அனுப்புவது ஈரல். அது முடியாமல் போனால் நச்சு மூளைக்குப் போகிறது. பகலில் தூக்கம், இரவில் விழிப்பு, குழப்பம், கையை நீட்டினால் பறவை இறகடிப்பது போல உதறல். கையெழுத்துக் கோணுவதும் அதில் சேர்ந்ததுதான். வார்டில் அப்பாவிடம் தினமும் ஒரு காகிதத்தைக் கொடுத்துக் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். அதைப் பார்த்தே அன்றைய நிலைமையைச் சொல்வார்கள்.

இதை நாங்கள் கற்றுக்கொள்ளக் கொடுத்த விலை பெரிது. 2023 பிப்ரவரியில் அப்பா நான்கு இரவு தூங்கவில்லை. பக்கத்தில் ஒரு சின்ன மருத்துவமனைக்கு அழைத்துப்போனோம். சிரோசிஸ் என்று சொன்னோம், ரிப்போர்ட்டும் காட்டினோம். தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். மறுநாள் காலையில் எழுப்பினால் எழவில்லை. ஈரல் கெட்டவருக்குத் தூக்க மாத்திரை எமன் என்பது எங்களுக்குத் தெரியாது, எழுதியவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆம்புலன்ஸில் திருச்சி போய், வயிற்றை இளக்கி நச்சை வெளியேற்றும் லாக்டுலோஸ் சிரப்பை மூக்குக் குழாய் வழியாகக் கொடுத்து, மூன்றாம் நாள் கண் விழித்து, "கடைச் சாவி எங்க?" என்றார். அதற்குப் பிறகு அந்தச் சிரப் எங்கள் வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை வயிறு இளகிப் போகிறதா என்று அம்மா கணக்கு வைப்பாள்.

இடையில் கீழாநெல்லியும் கொடுத்துப் பார்த்தோம். யாரையும் குறை சொல்லவில்லை, அப்பாவே கேட்டுக் குடித்தார். காமாலை வந்து தானாக இறங்கும் ஈரலும், தழும்பேறிச் சுருங்கிய ஈரலும் வேறு வேறு என்று புரியாததால் இரண்டு மாதம் போயிற்று.

மார்ச்சில் சென்னை. வயிற்றிலிருந்து ஐந்து லிட்டர் நீர் எடுத்தார்கள், கூடவே அல்புமின் பாட்டில்கள் ஏறின. எண்டோஸ்கோப்பியில் உணவுக்குழாயில் புடைத்திருந்த நாளங்களுக்கு ரப்பர் வளையம் போட்டார்கள். மாற்று ஈரல்தான் வழி என்று சொல்லிவிட்டு இரண்டு பாதைகளைக் காட்டினார்கள். ஒன்று, மூளைச்சாவு அடைந்தவரின் ஈரலுக்காக மாநில உறுப்பு மாற்று ஆணையத்தில் பெயர் பதிந்து காத்திருப்பது. இன்னொன்று, வீட்டில் ஒருவர் கொடுப்பது. பெயரையும் பதிந்தோம். ஆனால் எவ்வளவு காலம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அப்பாவுக்கு 'ஓ' பிரிவு. அம்மாவும் அக்காவும் 'பி'. 'ஓ'வுக்கு நேராகப் பொருந்துவது 'ஓ'தான். வீட்டில் நான் மட்டும் 'ஓ'.

உயிரோடு இருப்பவர் கொடுக்கலாமா என்றே அப்பாவுக்குச் சந்தேகம். மருத்துவமனையில் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளராக இருந்த பெண்மணி ஒரு கதை சொன்னார். இந்தியாவில் அப்படி முதன்முதலாக வெற்றிகரமாக ஈரல் மாற்றப்பட்டது 1998இல், டெல்லியில். பெற்றுக்கொண்டது காஞ்சிபுரத்துக் குழந்தை சஞ்சய் கந்தசாமி, அப்போது வயது 20 மாதம். கொடுத்தது அவன் அப்பா. அந்தப் பிள்ளை வளர்ந்து டாக்டராகிவிட்டான். "அங்க அப்பன் மகனுக்குக் கொடுத்தான். இங்க மகன்கிட்ட அப்பன் வாங்கணுமா?" என்றார் அப்பா. பதில் சொல்லத் தெரியவில்லை.

எனக்கு அப்போது வயது 34. இன்சூரன்ஸ் அலுவலக நாற்காலி, எடை 84 கிலோ, ஒரு மாத்திரைகூடச் சாப்பிட்டதில்லை. இரத்தப் பரிசோதனை எல்லாம் சுத்தம். சி.டி. ஸ்கேனில்தான் மாட்டினேன். ஈரலையும் மண்ணீரலையும் ஒரே படத்தில் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். நல்ல ஈரல் மண்ணீரலைவிட வெளிறித் தெரிய வேண்டும். கொழுப்பு ஏறினால் கறுத்துவிடும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கூட்டலில் 5க்கு மேல் இருந்தால் நிம்மதி. என்னுடையது கழித்தலில் 4.

"உங்க அப்பாவுக்கு எது வந்துச்சோ, அதோட முதல் படியில நீங்க நிக்கறீங்க" என்றார் டாக்டர். கொடுக்க வந்த இடத்தில் நோயாளியாகி நின்றேன். அப்பாவிடம் சொல்லக் கூசியது. ஆனால் இந்தப் படியில் திரும்பி வர வழி இருக்கிறது, உடம்பு எடையில் ஏழிலிருந்து பத்து சதவீதம் இறங்கினால் ஈரல் கொழுப்பை விடும் என்றார். ஆறு வாரம் கெடு.

அந்த ஆறு வாரத்தை என்னால் மறக்க முடியாது. நாளுக்கு 1,200 கலோரி. முதலில் போனது அலுவலக டீ. ஒரு நாளைக்கு ஐந்து டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை, கூட ஒரு பஜ்ஜியோ பிஸ்கட்டோ. இதையெல்லாம் நான் சாப்பாட்டுக் கணக்கிலேயே சேர்த்ததில்லை. சோறு ஒரு கிண்ணம், மீதித் தட்டில் காய், இரண்டு முட்டை, சுண்டல், மோர். இரவு சாப்பாடு ஏழு மணிக்குள். சர்க்கரை இல்லாத கடும்காப்பி குடிக்கலாம் என்றார்கள், அது ஒன்றுதான் ஆறுதல். காலையும் மாலையும் தெப்பக்குளத்தைச் சுற்றி நடை. முதல் பத்து நாள் தலைவலியும் எரிச்சலும். என் நான்கு வயது மகள் கடலை மிட்டாயை நீட்டி, "தாத்தாவுக்குத் தெரியாம சாப்பிடுப்பா" என்றாள். நாற்பத்திரண்டாம் நாள் எடை 77.5. ஸ்கேன் வித்தியாசம் கூட்டலில் 6. அந்தக் காகிதத்தைப் படம் எடுத்து இன்னும் போனில் வைத்திருக்கிறேன்.

உடம்பு தயாராகிவிட்டது, காகிதம் தயாராகவில்லை. மனித உறுப்பு மாற்றுச் சட்டம் 1994இன்படி பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், கணவன் மனைவி எல்லாம் நெருங்கிய உறவு. அதில் மகன் கொடுப்பது சுலபம் என்று நினைத்தேன். நான் அவர் மகன்தான் என்று காகிதம் சொல்ல வேண்டுமே. அப்பாவின் பெயர் ஆதாரில் ஒரு எழுத்து, ரேஷன் கார்டில் ஒரு எழுத்து, என் மதிப்பெண் சான்றிதழில் மூன்றாவது விதம். கிராம நிர்வாக அலுவலர், தாலுகா அலுவலகம், நோட்டரி என்று பதினோரு நாள் போயிற்று. ஒரு மேஜையில் கேட்டதை அடுத்த மேஜையில் வேண்டாம் என்பார்கள். இதைச் செய்யப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: ஸ்கேனுக்கு முன்பே பெயர்களை ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். பழைய குடும்பப் போட்டோக்களையும் எடுத்து வையுங்கள், அவற்றையும் கேட்டார்கள்.

மனைவியின் சம்மதமும் வேண்டும். ஈரல் கொடுப்பவர்களில் இருநூறு முதல் ஐந்நூறு பேருக்கு ஒருவர் இறக்க வாய்ப்புண்டு என்பதை டாக்டர் அவளை உட்கார வைத்தே சொன்னார். மூன்று நாள் அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை. நான்காம் நாள், "என்னங்க, மாமாவுக்காக மட்டும் நான் கையெழுத்துப் போடல. போடலன்னா நீங்க என்ன ஆவீங்கன்னு யோசிச்சேன்" என்றாள். உறுப்பு மாற்றுக்கு அனுமதி தரும் குழுவின் முன்னால் கேமராவைப் பார்த்து இருவரும் தனித்தனியாகச் சொன்னோம். பணம் வாங்கினேனா, யாராவது கட்டாயப்படுத்தினார்களா, எந்த நிமிடமும் வேண்டாம் என்று சொல்லலாம் தெரியுமா என்றெல்லாம் கேட்டார்கள். மனநல மருத்துவர் கேட்ட கேள்விதான் கொஞ்சம் உலுக்கியது: "கொடுத்தும் அப்பா பிழைக்கலைன்னா?"

என் ஈரல் மொத்தம் 1,380 கிராம் என்று கணக்கிட்டார்கள். வலப்பாகம் 860 கிராம் அப்பாவுக்கு, 520 கிராம் எனக்கு. கொடுப்பவருக்கு முப்பது சதவீதத்துக்குக் கீழே மிஞ்சக் கூடாது, எனக்கு 38. செலவு இருபது லட்சத்தைத் தாண்டியது. மனை ஒன்று விற்றோம், அதைப் பற்றி அதிகம் பேச வேண்டாம்.

ஜூலையில் ஆபரேஷன். எனக்கு எட்டு மணி நேரம், அப்பாவுக்குப் பன்னிரண்டு. பித்தப்பையையும் சேர்த்து எடுத்துவிடுவார்கள். முன்பே சொல்லியிருந்தும் விழித்த பிறகு அது போனதில் எனக்கு ஒரு சின்ன வருத்தம். விலாவுக்குக் கீழே ஹாக்கி மட்டை மாதிரி தையல். வலி இருமும்போது தெரியும். தலையணையை வயிற்றில் அழுத்திக்கொண்டு இருமச் சொல்வார்கள். இரண்டாம் நாள் இரத்தத்தில் பிலிருபின் என்ற மஞ்சள் நிறப்பொருள் ஏறி என் கண்ணும் லேசாக மஞ்சளானது. பயந்துவிட்டேன். மிஞ்சிய ஈரல் பாரத்துக்குப் பழகுகிறது, இறங்கிவிடும் என்றார்கள், இறங்கியது. பாஸ்பரஸ் குறைந்ததற்கு ஊசி போட்டபோது நர்ஸ், "இது நல்ல சகுனம் சார், வளர ஆரம்பிச்சிருச்சு" என்றார். புது செல்கள் கட்டுவதற்கு ஈரல் அதை இரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்கிறதாம்.

ஐந்தாம் நாள் சக்கர நாற்காலியில் போய்க் கண்ணாடிக்கு வெளியே இருந்து அப்பாவைப் பார்த்தேன். எட்டாம் நாள் நான் வீடு. அவருக்கு இருபத்து மூன்று நாள் ஆனது, நடுவில் ஒரு காய்ச்சல், ஒரு இரவு எல்லோரையும் உட்கார வைத்த காய்ச்சல். பிறகு புது ஈரலை உடம்பு ஒதுக்கிவிடாமல் இருக்க டாக்ரோலிமஸ் மாத்திரை, காலை எட்டு, இரவு எட்டு, ஆயுள் முழுக்க. வேகவைக்காத காய்கறிக் கலவை கூடாது, வெளித் தண்ணீர் கூடாது. பம்ப்ளிமாஸ் வகைப் பழம் அந்த மாத்திரையின் அளவை ஏற்றிவிடும் என்பதால் அதுவும் கூடாது.

செப்டம்பரில், உறுப்பு தானம் செய்து இறந்தவர்களின் இறுதிச் சடங்கு இனி அரசு மரியாதையோடு நடக்கும் என்று முதல்வர் அறிவித்த செய்தியை அப்பா பேப்பரில் சத்தமாகப் படித்தார். எழுத்துக் கூட்டாமல், தடுமாறாமல். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

அக்டோபரில் எனக்கு மூன்றாம் மாத ஸ்கேன். 520 கிராம் 1,200ஐத் தாண்டியிருந்தது. வெட்டிய பாகம் அதே வடிவத்தில் முளைக்கவில்லை, இருந்ததே பெருத்து இடத்தை நிரப்பிக்கொண்டது. கொழுப்பு இல்லை. எடை 76. டீக்கடைப் பக்கம் போனால் இன்னமும் கால் தானாக நிற்கும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். அப்பா முகக்கவசத்தோடு கடையில் உட்கார்ந்து நோட்டு எழுதிக்கொண்டிருந்தார். எழுத்து கோட்டின் மேல் நின்றது. நான் எட்டிப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, நான் கடையைப் பார்த்துக்கொண்ட மாதங்களின் பக்கத்துக்குத் திருப்பினார்.

"நீ எழுதினதுல பன்னெண்டு கரண்டி திரும்பி வரல தம்பி. யாரு வீட்டுக்குப் போச்சுன்னுகூட எழுதல."

மணி எட்டு. இரண்டு பேர் போனிலும் மாத்திரை அலாரம் அடித்தது. தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். குடித்துவிட்டு மறுபடியும் கரண்டிக் கணக்கிற்கே வந்தார்.