கவாத்துக்காரர் பார்த்த போன்சாய்

மே 11, சனி

குன்னூரில் போன்சாய் கண்காட்சி. அப்பா தேயிலை எஸ்டேட்டில் முப்பத்தொரு வருடம் கவாத்து வெட்டியவர். "மரத்தைக் குட்டையாக வைத்திருப்பதைப் பார்க்க டிக்கெட்டா?" என்று முனகிக்கொண்டேதான் வந்தார்.

முன்வரிசையில் ஆல், அரசு, இச்சி. ஒரு ஆலடியில் தூண்டிலோடு பிளாஸ்டிக் மீனவர். தட்டில் வளர்க்கும் சீனக் குட்டை மரங்களில் பொம்மை வைக்கும் மரபு உண்டுதான், அதற்காக இதுவா?

பாறை விளிம்பிலிருந்து சரிவதுபோல் தொட்டிக்கு வெளியே தொங்கிய ஜூனிப்பர் அழகு. குனிந்து பார்த்தால், வளைக்கச் சுற்றிய அலுமினியக் கம்பியை நேரத்தில் பிரிக்காமல் விட்டிருக்கிறார்கள். கிளையில் திருகாணி மரைபோல் பள்ளம். அந்தத் தழும்பு லேசில் மறையாது.

அப்பாவைக் காணவில்லை. கடைசி மேசையில், தேயிலைத் தூர் ஒன்றின் முன்னால் நின்றிருந்தார். விட்டால் முப்பது அடி போகும் மரம். கவாத்தும் கொழுந்து பறிப்பும்தான் அதை இடுப்பளவில் நிறுத்துகின்றன. இங்கே ஒரு முழம்கூட இல்லை.

"கவாத்து யார் போட்டது?"

"நான்தான், ஐயா."

"வெட்டு சாய்வாக இல்லையே தம்பி, தண்ணீர் நிற்காதா?"

மரத்தை வளர்த்தவர் குழிவாய்க் கத்தரியை எடுத்துக் காட்டினார். காயம் சற்றே குழிவாக இருந்தால், பட்டை நாலாபுறமும் உருண்டு வந்து மேடில்லாமல் மூடுமாம். அப்பா கட்டைவிரலால் பழைய வெட்டுவாயைத் தடவினார். மேடு தட்டவில்லை. அதன்பிறகு ஒரு மணி நேரம் எனக்கு அங்கே வேலையில்லை.

மே 12, ஞாயிறு

ஹிரோஷிமா குண்டுக்குத் தப்பிய யமாகி பைன் என்ற போன்சாய் பற்றி அப்பாவிடம் சொன்னேன். 1625 முதல் தொட்டியில் வளர்ந்தது, 1976 முதல் வாஷிங்டனில் இருக்கிறது. "கவாத்து நோட்டு யாரிடம் இருக்கிறது?" என்றார்.

மே 19, ஞாயிறு

பக்கத்துத் தோட்டத்தில் பழைய தேயிலையைப் பிடுங்குகிறார்கள். ஒரு தூர் கேட்டு வாங்கினோம். விதைத் தேயிலை, ஆணிவேரே முழங்கை நீளம். அப்பா அதை அறுக்கச் சொன்னபோது எனக்குக் கை வரவில்லை. பக்கவேர் போதும் என்றார். மண்ணைச் சலித்து, மாவைக் கொட்டிவிட்டு, குருணையை மட்டும் வைத்துக்கொண்டோம். தொட்டி இல்லை, அம்மாவின் பழைய வாணலியில் ஆணியால் ஓட்டை போட்டோம். அம்மா இன்னும் பேசவில்லை.

ஜூன் 16, ஞாயிறு

தூரின் மேல்வெட்டுக்குக் கீழே மிளகளவில் ஐந்து முளைகள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, அப்பா மூன்றைக் கிள்ளிவிட்டார்.